ஸ்டுடியோவில் பதிவானதால் பாட்டு ஸ்டுடியோவுக்குப் போய்விடாது

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தின் சாரம்:

“தாத்தா கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவைப் பல்லவியாக வைத்து, மூன்று சரணம் நானே எழுதி மெட்டுப் போட்டேன். தொடக்கத்தில் தாத்தாவின் குரலே 18 நொடி வரும். பாம்பன் கரையில் என் செல்போனில் எடுத்தது. ராமநாதபுரத்தில் தெரிந்த அண்ணன் ஒருவரின் ஸ்டுடியோவில் 6,000 ரூபாய் கொடுத்துப் பதிவு செய்தேன். தாளம் அவர் புரோகிராம் செய்தார், கீபோர்டு வாசித்தது என் நண்பன். அண்ணன் என்று கூப்பிடுகிறவரிடம் எப்படிப் பேப்பர் கேட்பது என்று எதையும் எழுதி வாங்கவில்லை. இப்போது அவர் தன் இசை வெளியீட்டு லேபிள் பெயரில் பாட்டை எல்லா ஆப்பிலும் ஏற்றிவிட்டார். என் யூடியூப் சேனலில் நான் போட்ட வீடியோ மீது, பாட்டு அவருடையது என்ற கிளெய்ம் வந்து பத்து நாள் ஆகிறது. கேட்டால், ‘என் ஸ்டுடியோவில் பதிவானது, நீ காப்புரிமை ரிஜிஸ்டரும் பண்ணவில்லை’ என்கிறார். இதற்கிடையில் சென்னை லேபிள் ஒன்று 15,000 ரூபாய்க்கு முழு உரிமையும் கேட்டு அக்ரிமென்ட் அனுப்பி, மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லை. என்ன செய்வது?”

தம்பி, ரிஜிஸ்டர் பண்ணாத பாட்டுக்கு உரிமை கிடையாது என்று அவர் சொன்னது தவறு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் வரியை எழுதி மெட்டமைத்தபோதே உரிமை வந்துவிட்டது. பதிவு என்பது பிற்பாடு வழக்கு வந்தால் கையில் இருக்கிற முதல்நிலைச் சாட்சி மட்டுமே. இன்னொன்று, பாட்டுக்கு உள்ளது பதிப்புரிமை. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட். மனுவிலும் நோட்டீஸிலும் இந்தச் சொல் மாறிப்போனால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு நாளைக் கடத்தும்.

இனி, பாட்டு யாருடையது என்ற கேள்வி. உங்கள் ஊரில் பிடித்த மீனைப் பிரிக்கும்போது படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று போடுகிறார்கள் அல்லவா, பாட்டையும் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. வரிகள் தனிப் படைப்பு. மெட்டு தனிப் படைப்பு. ஸ்டுடியோவிலிருந்து வெளிவந்த ஒலிப்பதிவு மூன்றாவது. இவை போக, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை. வரியும் மெட்டும் ஆயுள் முழுக்க உங்களுடையவை, உங்களுக்குப் பின் வாரிசுகளுக்கு 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு.

ஒலிப்பதிவின் சொந்தக்காரர் யார் என்பதில்தான் அண்ணன் குழம்பியிருக்கிறார். ‘தயாரிப்பாளரே’ சொந்தக்காரர் என்கிறது சட்டம். பதிவு செய்ய முன்முயற்சி எடுத்து அதன் பொறுப்பை ஏற்றவரே தயாரிப்பாளர். மைக் யாருடையது, அறை யாருடையது என்பது கணக்கில் வராது. தேதி குறித்தது, ஆளை அழைத்து வந்தது, பணம் கொடுத்தது எல்லாம் நீங்கள். படகை வாடகைக்கு விட்டவருக்கு வாடகை உண்டு, பங்கு கிடையாது.

ஆனால் உங்கள் பக்கத்தில் ஓட்டை இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். தாளத்தை அவர் எப்படிச் செய்தார்? நீங்கள் தட்டிக் காட்டியதை அப்படியே அடித்துக் கொடுத்திருந்தால் அது தொழில்நுட்ப வேலை. அவரே யோசித்து உருவாக்கி, பாட்டுக்குத் தனி அடையாளம் தருகிற மாதிரி அமைந்திருந்தால், இசையில் தனக்கும் பங்கு உண்டு என்று அவர் வாதாட இடம் இருக்கிறது. கீபோர்டு நண்பனுக்கும் இதே கேள்விதான். நீங்கள் முனகியதை வாசித்திருந்தால் அவர் நிகழ்த்துநர். சரணங்களுக்கு நடுவே வரும் இசையை அவரே போட்டிருந்தால் அந்த அளவுக்கு அவரும் இசையமைப்பாளர். நூற்றுக்கு எவ்வளவு என்று இப்போதே இருவரும் உட்கார்ந்து பேசி எழுதிவிடுங்கள். பாட்டு ஓடத் தொடங்கியபின் இந்தப் பேச்சை எடுத்தால் நட்பு மிஞ்சாது.

தாத்தாவின் 18 நொடியைப் பலரும் மறந்துவிடுவார்கள். அந்த அம்பா பரம்பரையாக வருவது. அதன் மேல் யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது, நீங்களும் முடியாது. நாளை மண்டபம் ஊரில் ஒருவர் அதே அம்பாவை எடுத்து வேறு பாட்டுக் கட்டினால் தடுக்க முடியாது. ஆனால் அந்தக் குரல் தாத்தாவுடையது, அவர் நிகழ்த்துநர். அவருடைய சம்மதத்தைத் தமிழிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, ‘வாசித்துக் காட்டப்பட்டது’ என்று கீழே குறித்து, கையெழுத்தோ இடது கை ரேகையோ வாங்குங்கள். இரண்டு சாட்சிகள் போதும். பாட்டு வெளியாகும் இடமெல்லாம் அவர் பெயர் வரட்டும், வருமானத்தில் ஒரு விழுக்காடும் எழுதுங்கள். வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துநருக்கு ராயல்டி உண்டு என்று சட்டமே சொல்கிறது.

இப்போது கிளெய்ம். முதலில் அது ஸ்ட்ரைக் அல்ல என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கிளெய்ம் வந்தால் வீடியோ பெரும்பாலும் அப்படியே இருக்கும், வருமானம்தான் கிளெய்ம் செய்தவருக்குப் போகும். ஸ்ட்ரைக் வந்தால் வீடியோவே இறக்கப்படும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் என்றால் சேனலே போகலாம். அண்ணன் எங்கும் புகார் எழுதியிருக்க வேண்டியதில்லை. பாட்டை எல்லா ஆப்புக்கும் அனுப்பித் தருகிற தன் டிஸ்ட்ரிபியூட்டர் நிறுவனத்தில் ஏற்றும்போது ‘கன்டென்ட் ஐடி’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பார். அதோடு அந்த ஒலி யூடியூபின் பட்டியலில் சேர்ந்து, யார் போட்டாலும் இயந்திரம் தானாகப் பிடிக்கிறது. எழுதிய உங்களையும் அதற்கு அடையாளம் தெரியாது.

கிளெய்ம் வந்த 5 நாளுக்குள் டிஸ்ப்யூட், அதாவது ஆட்சேபம், கொடுத்தால் முதல் நாளிலிருந்து வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். உங்களுக்குப் பத்து நாள் ஆகிவிட்டதால், இனி டிஸ்ப்யூட் கொடுக்கிற நாளிலிருந்துதான். ஆகவே தள்ளிப்போடாதீர்கள். அண்ணனுக்கு ஒரு போன் செய்து, ‘இன்றைக்கு டிஸ்ப்யூட் போடுகிறேன் அண்ணே, நேரில் வந்து பேசுகிறேன்’ என்று சொல்லிவிட்டு அன்றே போடுங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் எதிரே பதிப்புரிமைக் குறிப்பைத் திறந்தால் விவரம் வரும். சொந்தப் படைப்பு என்று பொருள்படும் காரணத்தைத் தேர்ந்தெடுத்து, வரியும் மெட்டும் உங்களுடையவை, பதிவுக்குப் பணம் கொடுத்தது நீங்கள், எந்த உரிமையையும் யாருக்கும் எழுதித் தரவில்லை என்று நான்கே வாக்கியத்தில் எழுதுங்கள். கோபமான சொல் ஒன்றும் வேண்டாம். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் கிளெய்ம் விழுந்துவிடும். மறுத்தால் அப்பீல் செய்யலாம், அதற்கு அவர்களுக்கு 7 நாள். அப்பீலுக்குப் பிறகும் விடாவிட்டால் அவர்கள் வீடியோவை நீக்கச் சொல்லலாம், அப்போது ஸ்ட்ரைக் வரும். அதனால் கையில் சான்று இல்லாமல் அப்பீல் வரை போகக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. தாளத்தில் அண்ணன் ரெடிமேட் லூப், அதாவது விலைக்குக் கிடைக்கிற தாளத் துணுக்கு, எதையாவது பயன்படுத்தியிருக்கிறாரா என்று கேளுங்கள். அதே லூப்பை வாங்கி உலகம் முழுக்க ஆயிரம் பேர் பாட்டுப் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட பாட்டைக் கன்டென்ட் ஐடியில் சேர்த்தால் ஊரார் வீடியோவுக்கெல்லாம் தவறான கிளெய்ம் போகும், உங்கள் கணக்குக்கும் கெட்ட பெயர். லூப் இருந்தால் இசை ஆப்புகளில் பாட்டை வெளியிடுங்கள், கன்டென்ட் ஐடி மட்டும் வேண்டாம்.

அண்ணனைப் பார்க்கப் போகும்போது 64 ஜிபி பென் டிரைவ் ஒன்று கொண்டு போங்கள். பேச்சு முற்றுவதற்கு முன் ப்ராஜெக்ட் ஃபைலையும், ஒவ்வொரு கருவிக்கும் குரலுக்கும் தனித்தனி டபிள்யூஏவி (சுருக்கப்படாத ஒலி ஃபைல்) டிராக்கையும், எல்லாம் சேர்த்து முடித்த கடைசி மாஸ்டரையும் அதில் வாங்கிவிடுங்கள். மற்ற சான்றுகளையும் இன்றே சேருங்கள்: 6,000 ரூபாய் அனுப்பிய ஜிபே ரசீது, அதில் பரிவர்த்தனை எண் தெரியட்டும், மெட்டை முனகி அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் நோட், வரிகள் எழுதி அடித்துத் திருத்திய நோட்டு. தாத்தாவின் குரல் இருக்கும் மூல ஃபைலை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பி அதிலிருந்து நகல் எடுக்காதீர்கள். அப்படிப் போனால் ஃபைல் சுருங்கிவிடும், எடுத்த தேதி உள்ளிட்ட விவரமும் போய்விடலாம். கேபிள் போட்டுக் கணினிக்கு மாற்றுங்கள், செல்போனையும் விற்றுவிடாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டும். அதில் ஃபைலுக்குக் கைரேகை போன்ற ஹேஷ் எண்ணைக் குறிக்க வேண்டும். மூலம் கையில் இருந்தால்தான் அது நடக்கும். தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருப்பது போதும் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பி இருக்காதீர்கள்.

அண்ணனிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு பக்கம். இப்படி எழுதலாம்:

“…… ஆகிய நான், ‘……’ என்ற பாடலை …… அவர்களிடம் 6,000 ரூபாய் கட்டணம் பெற்றுக்கொண்டு …… தேதியில் என் ஸ்டுடியோவில் பதிவு செய்து கொடுத்தேன். பாடலின் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகியவற்றின் பதிப்புரிமை அவருடையது. என் தாள புரோகிராமிங்கில் எனக்குப் பதிப்புரிமை ஏதும் இருக்குமானால் அதை …… ரூபாய் பெற்றுக்கொண்டு, உலகம் முழுமைக்கும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும் அவருக்கு மாற்றித் தருகிறேன். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த மாற்றம் செல்லும். அதற்குரிய ராயல்டியில் என் பங்கு நூற்றுக்கு ……. பாடல் வெளியாகும் இடங்களில் ‘ரிதம் புரோகிராமிங், ஒலிப்பதிவு’ என்று என் பெயர் இடம்பெறும். என் லேபிள் பெயரில் ஏற்றியதை …… தேதிக்குள் நீக்குகிறேன். இதுவரை வந்த வருமானக் கணக்கைத் தருகிறேன்.”

‘உலகம் முழுமைக்கும்’, ‘காலம் முழுமைக்கும்’ என்பவை அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டோடு முடியும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வேறு விதமாக எழுதாவிட்டால், ஓராண்டு பயன்படுத்தாத உரிமை திரும்பிப் போய்விடும். ராயல்டி வரியை அடிக்காதீர்கள். இசையில் அவருக்குப் பங்கு உண்டு என்று ஆனால், அந்த ராயல்டியை அவரே விரும்பினாலும் உங்களுக்காக விட்டுத்தர முடியாது. உங்களைக் காக்கிற அதே சட்டம் அவரையும் காக்கிறது. உரிய மதிப்புள்ள முத்திரைத் தாளை ஆவண எழுத்தரிடம் கேட்டு வாங்குங்கள், இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல்.

அவர் ஒப்புக்கொண்டால் அவசரப்பட்டு உடனே எல்லாவற்றையும் நீக்கச் சொல்லாதீர்கள். கன்டென்ட் ஐடியை மட்டும் அன்றே விடுவிக்கட்டும். அவருடைய டாஷ்போர்டில் பாட்டுக்கு அந்த ஒலிப்பதிவை அடையாளம் காட்டுகிற, எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12 கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் வேறு டிஸ்ட்ரிபியூட்டரில் அதே ஆடியோ, அதே தலைப்பு, அதே குறியீட்டோடு ஏற்றி, அது ஆப்புகளில் தெரிந்த பிறகு பழையதை நீக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் இதுவரை கேட்டவர்களின் எண்ணிக்கை பாட்டோடு கூட வர வாய்ப்பு உண்டு. புதுக் குறியீடு வாங்கினால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பதிப்புரிமைப் பதிவையும் இப்போதே செய்துவிடலாம். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14. வரிகளுக்கு 500 ரூபாய், இசைக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000, ஆக மொத்தம் 3,000. விண்ணப்பித்ததும் டைரி எண் வரும். ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பார்கள், அதன் பிறகே பரிசீலனை. படைப்பு முழுக்கச் சொந்தமானதா, பழைய ஒன்றின் தழுவலா என்று கேட்கும் பகுதியில், பல்லவி மரபு அம்பா, சரணங்கள் புதியவை என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அம்பாவையும் சேர்த்துச் சொந்தம் என்று எழுதினால் நாளைக்கு அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. ஒலிப்பதிவு விண்ணப்பத்தோடு அண்ணன், நண்பன், தாத்தா மூவரின் சம்மதக் கடிதத்தையும் வைத்துவிடுங்கள்.

சென்னை லேபிளின் அக்ரிமென்டுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய நகலில் நான்காவது ஷரத்து, “இனி எக்காலத்திலும் எந்த ராயல்டியும் கோரமாட்டேன்” என்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த வரி செல்லாது. பாட்டில் உள்ள வரிகளுக்கும் இசைக்கும் வரும் ராயல்டியில் சரிபாதி பெறும் உரிமையைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுத்தர முடியாது. ஆனால் இதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இந்தப் பாதுகாப்பு வரிக்கும் மெட்டுக்கும்தான். ஒலிப்பதிவை விற்றால் விற்றதுதான். “இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்” என்ற வரியும் பொத்தாம்பொதுவாகச் செல்லாது. கையெழுத்திடும் நாளில் வணிகப் புழக்கத்தில் இல்லாத ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால்தான் உண்டு.

எனக்கு அதிகக் கவலை தருவது ஒன்பதாவது ஷரத்து. அடுத்த ஐந்து பாட்டையும் முதலில் அவர்களிடமே காட்ட வேண்டும், அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் வரை வெளியிடக் கூடாது என்கிறது, எத்தனை நாளுக்குள் சொல்வார்கள் என்று இல்லை. 15,000 ரூபாய்க்கு ஆறு பாட்டைக் கட்டிப்போடுகிறார்கள். வழக்கென்றால் சென்னை நீதிமன்றத்தில் மட்டும் என்ற வரியையும் அடியுங்கள். பதிப்புரிமை வழக்கை உங்கள் வசிப்பிடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே, அதாவது ராமநாதபுரத்திலேயே போடலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு தருகிற வசதி பெரிது. அதை நீங்களாகக் கையெழுத்துப் போட்டு இழக்காதீர்கள்.

வரியையும் மெட்டையும் மாற்றித் தராமல், ஒலிப்பதிவை மட்டும் மூன்று ஆண்டுக்கு உரிமமாகக் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு, அரசியல் பிரசாரத்துக்கும் விளம்பரத்துக்கும் உங்கள் எழுத்துச் சம்மதம், காலம் முடிந்ததும் கன்டென்ட் ஐடி உட்பட எல்லாம் திரும்ப வருவது, இவை இல்லாமல் வேண்டாம்.

அதற்கும் முன்னால், ராயல்டியை வசூலித்துத் தருகிற பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் சேர்ந்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்புவது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டும். வரிக்கும் மெட்டுக்குமான பணம் இந்தச் சங்கத்தின் வழியாகத் தனியாக வருகிறது. சேராதவர்களுக்கு அது வருவதே தெரிவதில்லை. சங்கத்துக்கு முன்பே ஒப்படைத்த உரிமைக்கு முரணாக அப்புறம் எந்த லேபிளுக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. முதலில் சேர்ந்து பிறகு கையெழுத்திடுவதில் உள்ள பலம் இதுதான்.

வக்கீலுக்கு வசதி இல்லை என்றீர்கள். ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும், வருமானம் பார்க்காமல் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவசமாக வழக்கறிஞரை நியமிப்பார்கள். போவதற்கு முன் சட்ட உதவித் தொலைபேசி எண் 15100-ஐ அழைத்து என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். வழக்குக்கு முன்பே அண்ணனை அழைத்துச் சமரசம் பேசவும் அங்கே வழி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

போலீசில் புகார் கொடு என்று யாராவது உசுப்பிவிடுவார்கள். வழி இருக்கிறது. தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அண்ணன் திருட நினைத்தவராகத் தெரியவில்லை. ஸ்டுடியோ தனது, அதனால் பாட்டும் தனது என்று நினைத்திருக்கிறார். உங்கள் டிராக்குகள் அவர் கணினியில் இருக்கின்றன. புகார் போன மறுநிமிடம் அந்தக் கதவு சாத்தப்படும். பேச்சு, சமரசம், நோட்டீஸ், சிவில் வழக்கு எல்லாம் முடிந்தும் அவர் அசையாவிட்டால் அதைப் பார்க்கலாம். சிவில் வழக்குக்கு மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு இருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு இன்று இந்த ஒரு மெயில் போதும்: “அக்ரிமென்ட் கிடைத்தது. ஒலிப்பதிவின் உரிமை குறித்து ஸ்டுடியோவுடன் எழுத்துப்பூர்வமாகத் தெளிவுபடுத்திக்கொண்டிருக்கிறேன். அது முடிந்ததும் திருத்தங்களோடு பதில் அனுப்புகிறேன். அதுவரை பாடலை எந்தத் தளத்திலும் ஏற்ற வேண்டாம்.” மாதக் கடைசிக்குள் என்ற கெடு அவர்கள் வைத்தது. மூன்று சம்மதக் கடிதமும் கைக்கு வரும் வரை அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.